அறுந்த நரம்பு மீண்டும் வளருமா? புழு சொல்லும் விடை

வாலிகண்டபுரத்தின் மக்காச்சோளக் கொல்லையில் அறுவடை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய அரிவாள் தவறி, மணிக்கட்டில் ஆழமாக வெட்டிவிடுகிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. மருத்துவர் அறுந்த நரம்பின் இரு நுனிகளையும் சேர்த்துத் தைக்கிறார். உணர்ச்சி உடனே திரும்புவதில்லை. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சென்று சேர ஆறு மாதம்கூட ஆகலாம். ஆனாலும் பலருக்கு ஓரளவேனும் உணர்ச்சி திரும்பிவிடுகிறது.

அதே ஊரில் இன்னொருவர் கிணற்றில் தவறி விழுந்து, முதுகெலும்பு முறிந்து, உள்ளே இருக்கும் தண்டுவடம் அறுபட்டுவிடுகிறது. ஆண்டுகள் பல சென்றாலும் கால்கள் அசைவதில்லை.

கையில் உள்ளதும் நரம்பு. தண்டுவடத்தில் உள்ளதும் நரம்பு. ஓர் உடலுக்குள்ளேயே ஏன் இந்த இரு நியதிகள்? இக்கேள்விக்கு விடை தேடும் விஞ்ஞானிகளுக்கு, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு புழு பெருந்துணையாக இருந்து வருகிறது.

302 நரம்புச் செல்கள்

நம் நிலங்களின் மண்ணில் எண்ணற்ற உருளைப்புழுக்கள் வாழ்கின்றன. பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை உழவர்கள் நன்கு அறிவார்கள். அவற்றின் உறவினமே சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் புழு. ஆனால் இது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அழுகும் பழங்களிலும் மக்கும் தழைகளிலும் உள்ள பாக்டீரியாக்களைத் தின்று வாழ்கிறது. நீளம் 1 மில்லிமீட்டர்தான்.

சிட்னி பிரென்னர் என்னும் விஞ்ஞானி இப்புழுவை ஆராய்ச்சிக்கெனத் தேர்ந்தெடுத்து, 1974-ஆம் ஆண்டில் அதன் மரபியலைப் பற்றி விரிவாக எழுதினார். இதன் உடல் கண்ணாடி போல் ஒளி புகக்கூடியது. மூன்று நான்கு நாட்களில் முட்டையிலிருந்து வளர்ந்து முதிர்ந்துவிடும். மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்புச் செல்கள் இருக்க, இப்புழுவின் உடல் முழுவதிலும் இருப்பவை 302 மட்டுமே. அவற்றின் இணைப்புகளை எல்லாம் காட்டும் வரைபடம் 1986-ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது.

நரம்புச் செல்லிலிருந்து நூல் போல் நீளும் பகுதிக்கு நரம்பிழை என்று பெயர். செய்தி இதன் வழியேதான் செல்கிறது. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், நொடியின் கோடியில் ஒரு பங்கைவிட மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர் ஒளித்துடிப்புகளைக் கொண்டு, உயிருள்ள புழுவின் உடலைத் திறக்காமலேயே உள்ளிருந்த தனித்தனி நரம்பிழைகளை வெட்டினார்கள். புழு பின்னோக்கி நகரும் திறனை இழந்தது. ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, பல இழைகள் மீண்டும் வளர்ந்திருந்தன. புழுவும் பின்னோக்கி நகரத் தொடங்கியது!

அப்படியானால், 'இழை அறுந்துவிட்டது, வளரவேண்டும்' என்று செல்லுக்குச் சொல்வது எது?

கல்வெட்டும் மைப்படியும்

இதை அறிய ஓர் உவமையைப் பார்ப்போம். வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயில் போன்ற பழங்கோயில்களின் சுவர்களில் கல்வெட்டுகள் பல உண்டு. அவற்றை ஆராய்பவர் சுவரைப் பெயர்த்துச் செல்வதில்லை. வேண்டிய கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி, மைப்படி எடுத்துச் செல்கிறார்.

நம் செல்லின் உட்கருவிலும் இதுவே நடக்கிறது. டி.என்.ஏ. என்பது சுவர்; ஜீன்கள் கல்வெட்டுகள். ஒரு ஜீன் வேலை செய்யவேண்டுமானால் அதற்கு ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படவேண்டும். அந்தப் படியைப் படித்தே செல் புரதத்தை உண்டாக்குகிறது. எந்த ஜீனை எப்போது படியெடுப்பது? அதை முடிவு செய்பவையும் புரதங்களே. அவை ஜீனின் அருகே டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, படியெடுப்பதைத் தூண்டும் அல்லது தடுக்கும். இவையே ஜீன்களை ஒழுங்குபடுத்தும் புரதங்கள்.

வெட்டுப்பட்ட நரம்பிழை வளர்வதற்குப் புதிய சரக்குகள் பல வேண்டும். ஆகவே அமைதியாக இருந்த சில ஜீன்களை எழுப்பியாக வேண்டும்.

எச்சரிக்கை செல்லும் வழி

இழை வெட்டுப்பட்டதும் அவ்விடத்தில் கால்சியம் அயனிகள் பெருகுகின்றன. இதுவே முதல் அபாய மணி. அதைத் தொடர்ந்து டி.எல்.கே.-1 என்னும் புரதம் செயல்படத் தொடங்குகிறது. அது அடுத்த புரதத்தையும், அது அதற்கடுத்ததையும் தூண்ட, செய்தி கைமாறிக் கைமாறிச் செல்கிறது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள், இந்த டி.எல்.கே.-1 இல்லாத புழுக்களில் அறுந்த இழை வளர்வது அடியோடு கெடுகிறது என்று காட்டின. அதை மிகுதியாக்கினால் வளர்ச்சி கூடியது.

அந்தச் சங்கிலியின் முடிவில் இருப்பது சி.இ.பி.பி.-1 என்னும் ஜீன் ஒழுங்குபடுத்தும் புரதம். இங்கே ஒரு விந்தை உண்டு. இப்புரதத்துக்கான ஆர்.என்.ஏ. படிகள் நரம்பிழையிலும் காணப்படுகின்றன. காயமில்லாத காலத்தில் அவை விரைவில் சிதைந்துபோகும். காயம் பட்டு டி.எல்.கே.-1 வேலை செய்யும்போதோ, அவை சிதையாமல் நிலைத்து, இழையிலேயே புரதம் உருவாகிறது. ஊரில் தீப்பிடித்ததும் தலைநகரிலிருந்து ஆள் வரக் காத்திராமல், உள்ளூரிலேயே ஆள் திரட்டுவது போன்றது இது!

வளர்ச்சி நல்லதுதானே, டி.எல்.கே.-1 எப்போதும் இயங்கினால் என்ன என்று கேட்கலாம். அது கூடாது. வளரும் புழுவில் அது மிகுந்துவிட்டால் நரம்புகளுக்கிடையே உள்ள இணைப்புகள் சீர்கெடுகின்றன. எனவே சாதாரண காலத்தில் ஆர்.பி.எம்.-1 என்னும் இன்னொரு புரதம் அதை அடக்கி வைக்கிறது.

முதுமையும் நரம்பும்

இளம் புழுவில் எளிதாக வளரும் இழை, முதிர்ந்த புழுவில் தயங்குகிறது. மனிதர்களிலும் வயது ஏற ஏற நரம்பின் மீள்வளர்ச்சி குறைகிறது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். டாஃப்-16 என்பது ஜீன் ஒழுங்குபடுத்தும் மற்றொரு புரதம். இன்சுலின் போன்ற பொருள்களின் செய்தி இதை ஒடுக்கி வைக்கிறது. அந்த ஒடுக்கத்தை நீக்கியபோது, முதிய புழுக்களின் நரம்பிழைகளும் நன்கு வளர்ந்தன. அதற்கும் டி.எல்.கே.-1 தேவைப்பட்டது.

நம் நாட்டு ஆய்வு

அரியானா மாநிலத்தில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை, 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே அனிந்திய கோஷ்-ராய் குழுவினர் இப்புழுவின் தொடு நரம்புகளை ஆராய்கின்றனர். மெல்லிய முடி ஒன்றால் புழுவின் வாலைத் தொட்டால் அது முன்னோக்கி நகரும். வால் பகுதியின் தொடு நரம்பை வெட்டினால் அவ்வுணர்வு குன்றும். மீண்டும் நகர்கிறதா என்று பார்த்தே, இழை வளர்ந்ததோடு பயனும் திரும்பியதா என அறிகிறார்கள். வளர்ச்சி மட்டும் போதாது; வளர்ந்த இழை சரியான இடத்தைச் சேரவும் வேண்டும் அல்லவா?

2021-ஆம் ஆண்டில் இக்குழு வெளியிட்ட முடிவு சுவையானது. நரம்பு வெட்டப்பட்ட புழுக்களைத் திரவத்தில் 90 நிமிடம் நீந்தவிட்டார்கள். நீந்தியவற்றில் இழை நன்கு வளர்ந்து, தொடு உணர்வும் மிகுதியாகத் திரும்பியது. வயதான புழுக்களுக்கு ஒரு முறை போதவில்லை. பல முறை நீந்த வேண்டியிருந்தது. செல்லின் ஆற்றல் இருப்பை உணரும் ஏ.எம்.பி.கே. என்னும் புரதம் இதற்கு இன்றியமையாதது என்றும் கண்டார்கள்.

மனிதனுக்கு எப்போது?

நம் செல்களிலும் டி.எல்.கே. உண்டு, டாஃப்-16-க்கு இணையான புரதங்களும் உண்டு. எனவே புழு காட்டும் வழி நமக்கு அந்நியமன்று. ஆனால் அவசரப்படலாகாது. எலிகளில் கை கால் நரம்புகள் மீள்வளர டி.எல்.கே. உதவுகிறது. அதே டி.எல்.கே. கண் நரம்பு காயம்படும்போது விழித்திரைச் செல்கள் இறக்கவும் காரணமாகிறது என்று 2013-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஒரே மணி, ஓரிடத்தில் 'கட்டு' என்கிறது. வேறிடத்தில் 'இடி' என்கிறது. மேலும் நம் தண்டுவடத்தில், செல்லுக்கு வெளியேயும் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன; புழுவில் இல்லாத தழும்புத் திசுவும் உண்டு. அறுபட்ட தண்டுவடத்தை முழுவதும் சீராக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

எனினும், நம்பிக்கையும் முயற்சியும் வீணல்ல. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று எழுந்தது. நோயாளியின் உடலைப் பயிற்சியால் தேற்றுவதே அங்கு முதற்பணி. பயிற்சி நரம்புக்குள்ளேயே என்ன செய்யக்கூடும் என்பதைச் சொல்ல, நீந்தும் ஒரு புழு இப்போது தொடங்கியிருக்கிறது.

கிணற்றில் விழுந்தவரின் கால்கள் நாளையே அசையும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. ஆனால் அறுந்த நரம்பு வளரவே வளராது என்ற பழைய தீர்ப்பை, காலடி மண்ணில் நெளியும் புழுக்களின் உறவினம் ஒன்று மறுவிசாரணைக்குக் கொண்டுவந்துவிட்டது.