ஒரு பிடி நண்டும் ஒரு பிடி இலையும்

பிள்ளை மெலிந்தால், வீட்டில் இல்லாமைதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். இல்லாமை உண்மைதான். ஆனால் ஒரே அளவு அரிசி பெறும் அயல்வீடுகள் இரண்டில் ஒரு பிள்ளை தேறியும் மற்றது தேய்ந்தும் இருப்பது ஏன்? இந்தக் கேள்விக்குத் தங்கள் ஊரிலேயே விடை கண்டவர்கள் வியட்நாமிய விவசாயத் தாய்மார்.

1990 இன் இறுதியில் சேவ் த சில்ட்ரன் நிறுவனத்தின் சார்பில் ஜெரி ஸ்டேர்னினும் அவர் மனைவி மொனிக்கும் அங்கு சென்றனர். நீண்ட போரினால் நொந்த நாடு அது. 1989 இல் பெருமளவு அரிசியை ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருந்தும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மந்தபோசணையால் வாடினர். களஞ்சியத்து நெல் எல்லாம் பிள்ளையின் வயிற்றுக்கு வந்துவிடுவதில்லை. ஆறு மாதத்தில் பலன் காட்டும்படி அரசாங்கம் தவணை விதித்தது. பால்மாவை மூட்டை மூட்டையாக இறக்கினால், லொறி வராமல் நின்றதும் பிள்ளை பழையபடி மெலியும். (நிவாரண வேலை செய்யும் நமக்கு இது நன்றாகத் தெரியும்.)

எனவே தான் ஹோவா மாகாணத்தில் நான்கு கிராமங்களில் ஊரவரைக் கொண்டே பிள்ளைகளை நிறுத்தார்கள். மிக வறிய வீடுகளிலும் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் சிலர் இருந்தனர். அந்த வீடுகளின் அடுப்படிக்கே போய்ப் பார்த்தார்கள். அத்தாய்மார் வயலில் பிடித்த சின்ன இறாலையும் நண்டையும் வற்றாளை இலையையும் பிள்ளையின் சோற்றில் சேர்த்தனர். காசில்லாமல் கிடைப்பவைதான், ஆனால் சிறு பிள்ளைக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கியிருந்தது. மற்ற வீடுகளில் இரண்டு வேளை ஊட்டியபோது, இவர்கள் நாலு தடவையாகப் பிரித்து ஊட்டினர். சின்ன இரைப்பை ஒரே தடவையில் அதிகம் கொள்ளாது. பிரித்துக் கொடுத்தால் நாள் முடிவில் கூடுதலாக உள்ளே போகும். ஊட்டமுன் கை கழுவினர். வயிற்றோட்டம் கண்டபோதும் உணவை நிறுத்தவில்லை.

இதைக் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் பண்ணவில்லை. மெலிந்த பிள்ளைகளின் தாய்மார் இரு வாரம் நாள்தோறும் ஒரு வீட்டில் கூடிச் சமைத்து ஊட்டினர். வருகிறவர் ஒரு பிடி இறால், நண்டு அல்லது இலை கொண்டுவர வேண்டும், அதுதான் கட்டணம். தேடிப் பிடிக்கும் பழக்கம் அதனால் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான பிள்ளைகள் தேறினர். பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, திட்டம் முடிந்தபின் பிறந்த தம்பி தங்கையரும் நன்றாக வளர்ந்திருந்தனர்.

வயலை விட்டு வந்த எங்களுக்கு வயல் நண்டு ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முருங்கை இலை, பொன்னாங்காணி, நெத்தலிக் கருவாடு, பயறு, குளத்துச் சிறுமீன் என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். உங்கள் வரிசையில் வறுமையிலும் தேறிய பிள்ளை எந்த வீட்டில் என்று பாருங்கள். அந்தத் தாயிடம் என்ன, எத்தனை தடவை ஊட்டுகிறாள் என்று கேளுங்கள். கால் வீங்கிய பிள்ளையை, சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடக்கும் பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.