துப்பாக்கி யார் கையில்?

செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வழியாகத் தமுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பண்டித நேரு அதைத் திறந்து வைத்தார். இவ்வாண்டு நாங்கள் வகுப்போடு அங்கே சென்றோம். அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணியின் முன்னே வந்ததும் எல்லாரும் மௌனமானோம். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஒரு துணியைக் கண்டு நெஞ்சு நடுங்கியது அதுவே முதல் தடவை.

திரும்பி வரும் வழியில் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், அவனுக்கு அந்தத் துப்பாக்கி எப்படிக் கிடைத்தது?" அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பத்து நாட்கள்

1948 ஜனவரி 20-ஆம் நாளே காந்தியடிகளைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது. ஆனால் அவர் தப்பினார். சதிகாரர்களிடம் அப்போது நம்பத்தக்க துப்பாக்கி இல்லை. கோட்சே வேறு துப்பாக்கி தேடிக் குவாலியர் நகருக்குப் போனான். அங்கே இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட பெரெட்டா கைத்துப்பாக்கி ஒன்று, உரிமம் எதுவும் இல்லாமல், தெரிந்தவர் மூலம் அவன் கைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 30-ஆம் நாள் மாலை, அது மூன்று முறை வெடித்தது. பின்னர் செங்கோட்டையில் நடந்த வழக்கில் கொலைக் குற்றத்தோடு ஆயுதச் சட்டத்தை மீறிய குற்றமும் சேர்க்கப்பட்டது.

அந்தப் பத்து நாட்களில், துப்பாக்கி கைமாறிய இடத்தில் ஒருவராவது "உரிமம் எங்கே?" என்று கேட்டிருந்தால்? இந்தக் கேள்விதான் ஆயுதச் சட்டத்தின் உயிர்நாடி.

கத்தோலிக்கராகிய நாம் மறக்க முடியாத இன்னொரு நாள் 1981 மே 13. உரோமையில் புனித இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுடப்பட்டார். சுட்டவன் துருக்கி நாட்டில் ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கொன்ற வழக்கில் சிறையிலிருந்து தப்பியவன். நேர்வழியில் அவனுக்கு எந்த நாடும் துப்பாக்கி தந்திராது. ஆனாலும் கிடைத்தது. தொழிற்சாலையில் முறையாகச் செய்யப்பட்ட துப்பாக்கி எங்கோ ஓரிடத்தில் வழி தவறி அவன் கையில் விழுந்தது.

எல்லார் ஆயுதமும் பறிபோன காலம்

நம் நாட்டில் ஆயுதச் சட்டம் பிறந்த கதை வேறு. 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார், பாளையங்களின் கோட்டைகளை இடித்து மக்களின் ஆயுதங்களையும் பறித்தனர். 1878-இல், லிட்டன் பிரபு ஆண்டபோது, நாடு முழுவதுக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அந்தச் சட்டம் குற்றவாளியையும் நல்லவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆளப்பட்டவர் எல்லாரையும் ஐயத்தோடு பார்த்தது.

விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றப்பட்டு, 1962-இல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் இதை மாற்ற முற்பட்டது. நேர்மையான குடிமகனுக்குத் தேவையற்ற தொல்லை வேண்டாம். பொது அமைதியும் கெடலாகாது. இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதே அதன் நோக்கம்.

சட்டம் எப்படிக் காவல் காக்கிறது?

துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புபவர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டங்களில் உரிமம் வழங்குவது ஆட்சியரின் பொறுப்பு. விண்ணப்பம் வந்ததும், அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து அவரைப் பற்றிய அறிக்கை பெறப்படும். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கும், மனநிலை சரியில்லாதவருக்கும் உரிமம் இல்லை. வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அமைதி காப்பதாகப் பிணையம் எழுதிக் கொடுக்கும்படி ஆணையிடப்பட்டவர் ஆகியோருக்கும் குறிப்பிட்ட காலம்வரை தடை உண்டு.

உரிமம் கிடைத்தாலும் காவல் தளர்வதில்லை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை அழிப்பதே குற்றம். எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. செய்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர் ஆகிய அனைவருக்கும் தனித்தனி உரிமம் தேவை. விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம்.

2019-இல் இச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. திருட்டுத்தனமாகத் துப்பாக்கி செய்வோருக்கும் விற்போருக்கும் குறைந்தது ஏழு ஆண்டும், ஆயுள் முழுவதும்கூடச் சிறை உண்டு. கல்யாணத்திலும் திருவிழாவிலும் குதூகலத்துக்காக வானத்தை நோக்கிச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவதும் இப்போது தண்டனைக்குரிய குற்றம். மேலே போன தோட்டா கீழே வந்துதானே ஆக வேண்டும்!

திருடன் உரிமம் கேட்பானா?

"திருடன் ஆட்சியரிடம் போய் மனுக் கொடுக்கவா போகிறான்? சட்டம் நல்லவர்களைத்தானே கட்டுப்படுத்துகிறது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் ஒளிவுமறைவாகச் செய்யப்படுகின்றன, பிடிபடுகின்றன. ஆனால் தொழிற்சாலையில் பிறந்த துப்பாக்கி நேராகத் திருடன் வீட்டுக்குப் போவதில்லை. நடுவில் விற்றவர் ஒருவர், அல்லது பூட்டாமல் வைத்தவர் ஒருவர், அல்லது பார்த்தும் பேசாமல் இருந்தவர் ஒருவர் இருக்கிறார். எண்ணும் பதிவேடும் அந்த நடு ஆளைத்தான் தேடிப் பிடிக்கின்றன. வரப்பு ஒழுங்காக இருந்தால்தான் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டது என்று தெரியும்.

பிற நாடுகளும் இதைத் துயரப்பட்டே கற்றன. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் ஒருவன் பதினாறு பிஞ்சுகளையும் அவர்கள் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கிகள் உரிமம் பெற்றவை! அதன்பின் 1997-இல் பிரிட்டன் தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. எனவே உரிமச்சீட்டு இருந்தால் மட்டும் போதாது; அதைக் கொடுப்பவர் ஆளை உண்மையாகவே ஆராய வேண்டும் என்பது விளங்குகிறது.

நம் பங்கு

நாம் சிறுமியர், நமக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இச்சட்டத்தை மீறிய குற்றம் நடப்பதை அறிந்தவர், தக்க காரணமின்றி வாளாவிராமல், காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ள வீட்டில் அதையும் தோட்டாவையும் பூட்டி வைக்கச் சொல்லலாம். தெருவில் கிடந்தால் தொடாமல் பெரியவர்களை அழைக்கலாம்.

கெத்சமனித் தோட்டத்தில் இராயப்பரின் வாளை உறைக்குள் திரும்ப வைக்கச் சொன்னார் நம் ஆண்டவர். தம்மைச் சுட்டவனைத் திருத்தந்தை 1983-இல் சிறையிலேயே சென்று கண்டு கையைப் பற்றினார். அவர் மன்னித்தார், ஆனால் அதனால் சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. மன்னிப்பு மனத்தின் கடமை; காவல் சட்டத்தின் கடமை. இரண்டும் வேண்டும்.

தமுக்கத்துக்குப் போகும் தோழியர் அந்தத் துணியின் முன் சற்று நில்லுங்கள். அந்தத் துப்பாக்கி எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஒரு கை மறுத்திருந்தாலும் போதும்.