உங்களுக்குத் தெரியுமா? சாமளாபுரத்தில் பூமி வாங்கப் போகிறவர்களுக்கு!

சோமனூருக்கும் மங்கலத்துக்கும் நடுவே, நொய்யல் கரையோரம் இருக்கிறது சாமளாபுரம். ஊரைச் சுற்றி நட்டிருக்கும் 'சைட் விற்பனைக்கு' போர்டுகள் சென்ட் விலையைத்தான் சொல்லும். போர்டில் ஏறாத சில சங்கதிகள் இதோ.

பழைய பத்திரத்தில் வேறு மாவட்டம்
திருப்பூர் மாவட்டம் உருவானது 2009 பிப்ரவரியில். அதற்கு முந்தைய சாமளாபுரத்துப் பத்திரங்களில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றுதான் இருக்கும், அதில் தப்பில்லை. உற்றுப் பார்க்க வேண்டியது பெயரையும் சர்வே எண்ணையும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். 'யு.டி.ஆர்.' என்று தாலுகா ஆபீசில் சொல்வது அதைத்தான். அப்போது பங்காளி பெயரில் தவறாக ஏறிய பட்டாக்களுக்காக இன்றும் அலைகிறவர்கள் உண்டு.

0.40.50 என்றால் எவ்வளவு?
விற்பவர் ஏக்கரில் பேசுவார், புரோக்கர் சென்ட்டில் பேசுவார், பட்டா மட்டும் ஹெக்டேரில் பேசும். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர்ஸ். அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் பேரம் பேசும்போது தடுமாற வேண்டியதில்லை.

கிணற்றில் நாலில் ஒரு பங்கு
கொங்குப் பத்திரங்களில் பூமியோடு கிணற்றுப் பங்கு, மோட்டார் 'சர்வீஸ்' (மின் இணைப்பு) பங்கு, மாமூல் தட பாத்தியம் எல்லாம் தனித்தனியாக எழுதப்படும். தண்ணீர் இறைக்க முறை வைத்திருப்பார்கள். தடம் எழுதாத பத்திரத்தை வாங்கினால், சொந்தக் காட்டுக்குப் போக அடுத்தவர் வரப்பில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சென்ட் கணக்கைப் படிக்கும் முன் இந்த வரிகளைப் படியுங்கள்.

இலவச மின்சாரத்துக்கு ஒரு விலை
பெருமாநல்லூரில் 1970 ஜூனில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்தது அந்த இயக்கம். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-ல். அதனால்தான் பழைய சர்வீஸ் உள்ள தோட்டத்துக்குத் தனி மவுசு. தோட்டத்தை மனையாக வெட்டிவிட்டால் அந்தச் சலுகை கூட வராது.

தறிக்குடோனுக்கு 1,000 யூனிட்
இங்கே பூமியின் வருமானம் மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட் ஆனது. தறி ஓட்டாதவர்கள் குடோனை வாடகைக்கு விடுகிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பி லைன் வீடு கட்டுகிறார்கள். கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்றால் அந்த வாடகையும் தடுமாறும்.

திருப்பூருக்கு மேலே நொய்யல்
நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது. சாயக்கழிவுப் பிரச்னையால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாமளாபுரம் திருப்பூருக்கு முன்பே வரும் ஊர்; ஆறு அங்கிருந்து இங்கே திரும்பி வராது. ஆனால் கோவையின் கழிவுநீர் இந்த வழியாகத்தான் போகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அக்கம்பக்கமும் சேர்ந்தே வரும்
நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. கடைகள் ஊருக்குள் இடம் தேடின. 2017 ஏப்ரல் 11 அன்று அதை எதிர்த்துச் சாமளாபுரத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் ஓடியது. மனை பார்க்கப் போகிறவர்கள் காலையில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை போய்வருவது நல்லது.

அங்கீகாரமில்லாத மனை
அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அது. 'பின்னாடி அப்ரூவல் வாங்கிக்கலாங்க' என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைக் கேளுங்கள்.

குழாய் போகும் பூமி
கெயில் எரிவாயுக் குழாய் திருப்பூர் உள்ளிட்ட 7 மாவட்டங்களின் வயல் வழியே போவதாகத் திட்டம் வந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். தமிழக அரசும் தடுத்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூமி உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டவோ மரம் நடவோ முடியாது. அதற்கு நஷ்ட ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

எல்லோரும் வாங்க முடியாத பூமி
செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஆங்கில அரசு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதே பஞ்சமி நிலம். அவர்களைத் தவிர மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. கிராமத்து நிலக் கணக்கான 'ஏ' பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜாவாவிலும் ஒத்தி உண்டு
நம் பூமி வழக்கங்கள் சில கடல் கடந்தும் உண்டு. இந்தோனேசியாவின் ஜாவா கிராமங்களில் மொத்தப் பணம் கொடுத்து வயலை வாங்கிக்கொண்டு, பணம் திரும்பும்வரை விளைச்சலை அனுபவிப்பார்கள். 'கடாய்' என்று பெயர், நம் ஒத்தியேதான். பாதிக்குப் பாதி வாரத்துக்கு அங்கே 'மாரோ'. ஊர்த்தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக வயல் தரும் 'பெங்கோக்' வழக்கமும் அங்கே உண்டு. இங்கே பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வாங்கலாமா?
ஜாவாவில் முழு உரிமை நிலம் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம். நம் சட்டமும் தளர்வானதல்ல. வெளிநாட்டில் வாழும் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் இங்கே வீடு, மனை வாங்கலாம். தோட்டம் வாங்க முடியாது. அப்பன் பூமி வாரிசாக வந்தால் தடையில்லை. இலங்கைக் குடிமக்கள் வீடு வாங்கவே ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும்.

அக்கா, தங்கச்சி கையெழுத்து
பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். 2005-ல் வந்த மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் சம பங்கு தந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட கிரயத்தை வாங்குகிறவர், வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

அம்மணி பெயரில் எழுதினால் லாபம்
கிரயத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மிச்சம் 10,000 ரூபாய். வில்லங்கச் சான்று, வக்கீல் பார்வை, சர்வேயர் அளவு என்று அந்தப் பணத்துக்கு உருப்படியான செலவுகள் காத்திருக்கின்றன!