தமிழ் நோட்டில் டிஸ்லெக்சியா எப்படித் தெரியும்?

மூன்றாம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' நடக்கிறது. ஆசிரியர் 'சிதம்பரம்' என்கிறார். ஒரு பிள்ளை 'சிதபரம்' என்று எழுதுகிறது. மறுநாள் அதே சொல் 'சிம்தபரம்' ஆகிறது. அடுத்த வாரம் 'சதிம்பரம்'. ஆனால் ஆனித் தேரோட்டத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் இதே பிள்ளை பத்து நிமிடம் கோவையாகப் பேசும். எந்தத் தேர் முன்னால் வந்தது, எங்கே நின்றது, யார் கூட்டத்தில் தொலைந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லும். "வாய் மட்டும் நல்லா பேசுது, புக்கை எடுத்தா தூக்கம் வந்துடுது" என்கிறார்கள் வீட்டில். பள்ளியில் "கவனமே இல்லை" என்கிறார்கள். கடலூர் மாவட்டத்தில் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காத பள்ளிக்கூடம் இருக்காது.

பேச்சுக்கும் வாசிப்புக்கும் இடையில் இப்படிப் பொருந்தாத இடைவெளி இருப்பதுதான் டிஸ்லெக்சியாவின் முதல் அறிகுறி. இங்கிலாந்தின் கடலோர ஊரான சீஃபோர்டில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன் 1896-ல் மருத்துவ இதழில் எழுதிய குறிப்பும் இந்த இடைவெளியைப் பற்றியதே. அவர் பார்த்தது பெர்சி என்ற 14 வயதுப் பையனை. கணக்கில் கெட்டிக்காரன், விளையாட்டில் சளைக்காதவன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான், அது தப்பு என்பதும் அவனுக்குப் படவில்லை. பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவன் ஆசிரியர் கருதினார். 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை அதற்கு முன்பே, 1887-ல், ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் வைத்துவிட்டார். கண் மருத்துவர்கள் தொடங்கி வைத்ததாலோ என்னவோ, இதைப் பார்வைக் கோளாறு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகும், கண் பயிற்சி செய்தால் சரியாகும் என்று பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் 2009-ல் கூட்டாக அறிவித்தன. பிள்ளைக்குக் கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அவை நன்றாக இருந்தால் அந்தப் பக்கம் மேலும் செலவு செய்யாதீர்கள்.

சிக்கல் இருப்பது ஒலியில். 'கடல்' என்று காதில் விழுவதை க, ட, ல் என்று பிரித்துக் கேட்பதும், ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தைச் சட்டென்று நினைவுக்குக் கொண்டுவருவதும் மூளையின் இடப்பக்கத்தில் சில பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலை. நாலைந்து முறை வாசித்த சொல்லை மற்றப் பிள்ளைகள் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்கள். இந்தப் பிள்ளைக்கு முதல் வரியில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல், மூன்றாம் வரியில் மறுபடியும் புதுச் சொல். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோம்பலுக்கும் இல்லை. பரம்பரைக்கு மட்டும் வலுவான தொடர்பு உண்டு. அப்பாவோ அம்மாவோ மாமாவோ வாசிக்கத் திணறியவர் என்றால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. பெலகாவியில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 11 பேருக்கு டிஸ்லெக்சியா இருப்பதாகச் சொன்னது. அளவுகோலைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும். எப்படிக் கணக்கிட்டாலும் நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பிரச்சினையைப் பற்றிக் கிடைக்கும் பெரும்பாலான அறிகுறிப் பட்டியல்கள் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தின் 'பி', 'டி' எழுத்துகளைத் திருப்பிப் போடுவது, இடவலம் மாற்றி எழுதுவது என்று அவை தொடங்கும். ஆறேழு வயது வரை அந்தத் தடுமாற்றம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. தமிழ் நோட்டில் தேட வேண்டியவை வேறு.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும். தமிழில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் ஏறக்குறைய எந்தச் சொல்லையும் படித்துவிடலாம். 'கடல்', 'சங்கு', 'அகல்' மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலித்தாலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளை வைத்து 2003-ல் வந்த ஒப்பீட்டில், முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் எளிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் வாசித்தது 34 தான். ஒழுங்கான எழுத்துமுறை உள்ள மொழியில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் ஒருநாள் பிழையில்லாமல் வாசிக்கத் தொடங்கிவிடும். வேகம் மட்டும் வராது. அதனால் தமிழ்வழிப் பள்ளியில் இந்தப் பிள்ளை எளிதாகக் கண்ணில் படாமல் போகிறது. "படிக்கிறான், கொஞ்சம் மெதுவாப் படிக்கிறான்" என்று ஐந்தாம் வகுப்பு வரை ஓடிவிடும். எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகம் பத்தி பத்தியாக நீளும்போதுதான் வண்டி நின்றுவிடுகிறது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும்.

பிழைகளிலும் எது அறிகுறி, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களின் சிவப்பு மை பெரும்பாலும் ல, ள, ழ குழப்பத்தையும் ண, ன, ர, ற குழப்பத்தையும்தான் சுழிக்கிறது. நம் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடுகிறது. ரகர றகர வேறுபாடு பெரியவர்கள் பேச்சிலேயே இல்லை. காதில் கேட்காத வேறுபாட்டைப் பிள்ளை நோட்டில் எழுதாததற்கு மருத்துவப் பெயர் தேவையில்லை. பேச்சுக்கு ஒரு தமிழ், புத்தகத்துக்கு ஒரு தமிழ் என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாரம். 'இருக்கு' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை 'இருக்கிறது' என்று வாசிக்கத் தடுமாறுவது இயல்பு.

கவலைப்பட வேண்டியவை, காதில் தெளிவாகக் கேட்டும் எழுத்தில் வராத பிழைகள். 'பால்' 'பல்' ஆவது, 'பட்டு' 'படு' ஆவது, நடுவில் ஓர் எழுத்து காணாமல் போவது, எழுத்துகள் வரிசை மாறி உட்காருவது, ஒரே சொல் ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாகப் பிழையாவது. கொம்பும் காலும் இன்னொரு முட்டுக்கட்டை. 'கொ' என்று எழுதும்போது ஒகர ஒலி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. கையோ ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, ககரத்தை எழுதி, பிறகு துணைக்காலைப் போட வேண்டும். 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். இவை எல்லாம் படிய எல்லாப் பிள்ளைகளுக்குமே நாளாகும். கன்னடப் பிள்ளைகளிடம் பெங்களூரில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இத்தகைய எழுத்துத் தொகுதி முழுமையாக வசப்பட மூன்று நான்கு வகுப்புகள் வரை ஆகும் என்று காட்டின. ஆகவே முதல் வகுப்பில் பதற்றம் வேண்டாம். மூன்றாம் வகுப்பு முடிந்தும் கொம்பும் காலும் நழுவிக்கொண்டே இருந்தால் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு முன்பே சில குறிப்புகள் கிடைக்கும். பேச்சு தாமதமாக வந்திருக்கும். நிறங்களின் பெயரும் கிழமைகளின் வரிசையும் நிற்காது. பாட்டுக்குப் பாட்டு விளையாடிப் பாருங்கள். மற்றவர்கள் பாட்டின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கும்போது இந்தப் பிள்ளைக்குப் பாட்டு தெரிந்திருக்கும், கடைசி எழுத்து எது என்பது பிடிபடாது. பள்ளிப் பருவத்தில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வருகிறதா என்றும் கவனியுங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லோருக்கும் டிஸ்லெக்சியா இல்லை. கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்களில் பள்ளிக்குப் போகும் முதல் தலைமுறை இன்னும் இருக்கிறது. கரும்பு வெட்டப் பெற்றோர் ஊர் ஊராகப் போனால் பிள்ளையும் கூடப் போகும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், 2015 வெள்ளம், பிறகு கொரோனா என்று எத்தனையோ முறை பள்ளிகள் மூடிக் கிடந்தன. கற்றுக்கொடுக்கப்படாத பிள்ளைக்குக் குறைபாட்டு முத்திரை குத்துவது அநியாயம். அதே நேரம் "அப்பா அம்மா படிக்காதவங்க, அதான்" என்று சொல்லி, உண்மையில் டிஸ்லெக்சியா உள்ள மீனவர் வீட்டுப் பிள்ளையைக் கைவிடுவதும் அநியாயம்தான். பிரித்தறிய ஒரு வழி, முதலில் நன்றாகக் கற்பித்துப் பார்ப்பது. நாலைந்து மாதம் நாள்தோறும் அரைமணி நேரம், சிறு குழுவில், ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் முறையில் சொல்லிக் கொடுத்தால், வாய்ப்பில்லாமல் பின்தங்கிய பிள்ளை விறுவிறுவென்று மேலே வரும். அவ்வளவுக்குப் பிறகும் திணறும் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் நிலை அறிந்து கற்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. தொடர்ந்து ஒரே நிலையில் நின்றுவிடும் பிள்ளையின் பெயரை ஆசிரியர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தெரிவித்தால் பாதி வேலை முடிந்தது.

கற்பிக்கும் முறையில் புதுமை அதிகம் இல்லை. எழுத்தைப் பார்த்து, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லி, அதே நேரம் விரலால் எழுத வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் பெயரை உரக்கச் சொன்னார்கள். எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த மணல் எழுத்தைப் பார்த்து வியந்து, 1797-ல் இங்கிலாந்தில் புத்தகமே போட்டார். இன்று டிஸ்லெக்சியா வகுப்புகளிலும் மணல் தட்டு இருக்கிறது. திண்ணைப் பள்ளியின் பிரம்பை மட்டும் அங்கேயே விட்டுவிடுவோம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. எல்லோர் முன்னும் எழுப்பி வாசிக்க வைத்து 'மக்கு' என்று சொல்வதும் அந்தப் பிரிவுக்குள் வரும்.

பிள்ளை தமிழில் ஒப்பேற்றி, ஆங்கிலத்தில் அடியோடு விழுவதும் உண்டு. ஜப்பானிய மொழியை நன்றாக வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் கடுமையான டிஸ்லெக்சியா காட்டிய ஓர் இருமொழிப் பையனைப் பற்றி 1999-ல் ஆய்வு வந்திருக்கிறது. ஆங்கிலவழிக்கு மாற்றிய பிறகு பிள்ளை திடீரென்று மங்கிப்போனால், டியூஷனைக் கூட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். மதிப்பீட்டின்போது இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வயதிலிருந்து சான்று பெறலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மறுசோதனை உண்டு. 2024-ல் விதிகள் திருத்தப்பட்டுள்ளதால் நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் சேர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு இது. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் முதலில் போய் விசாரிக்க வேண்டிய இடங்கள். சென்னையில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

சான்று இருந்தால் பொதுத் தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்பில் சான்றுக்கு ஓடுவதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்கும் வழக்கம் வருத்தம் தருகிறது. சலுகை மதிப்பெண்ணைக் காப்பாற்றும். வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய எட்டு வயதைத் திருப்பித் தராது.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். பாடத்தை நீங்களோ அக்காவோ வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை காதால் படிக்கட்டும். கைப்பேசி தமிழை வாசித்துக் காட்டுகிறது, பேசினால் எழுதியும் தருகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியீடுகள் வழியே காணொளிகளைப் பார்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரிகளுக்கிடையே இடம் விடுங்கள். பலகையில் இருப்பதைப் படியெடுக்காமல் படம் பிடிக்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். விளையாட்டோ பாட்டோ பைக் மெக்கானிக் வேலையோ, பிள்ளைக்கு எது வருகிறதோ அதைத் தண்டனையாக நிறுத்தாதீர்கள்.

டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக்குப் பிள்ளையோடு வரும் அப்பாக்கள் சிலர் "எனக்கும் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்று தணிந்த குரலில் சொல்வதுண்டு. வங்கிப் படிவத்தைக் கண்டால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியே காலம் தள்ளியவர்கள். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ தமக்கு லேசான டிஸ்லெக்சியா இருப்பதை 1996-ல் வெளிப்படையாகச் சொன்னார். மேதைகளின் பட்டியலைவிட, பிள்ளைக்கு அப்பாவின் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம் அதிகம் உதவும். அதை மருத்துவரிடம் மட்டும் சொல்லாமல் பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவச் சான்றுக்கு வாரங்கள் பிடிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.