ஞாயிற்றுக்கிழமை வெந்த கறி

மாட்டுக்கறி வாங்கும் வீடுகளில் அதற்கென்று ஒரு கிழமை உண்டு. ஞாயிறு காலை கடைக்குப் போய் வாங்கி வருவார்கள், மதியம் குழம்பும் வறுவலுமாகத் தட்டு நிறையும், இரவு மிச்சக் குழம்பில் தோசை தோயும். அதோடு சரி, இனி அடுத்த ஞாயிறுதான். இடையிலுள்ள ஆறு இரவுகளை முட்டையும் கோழியும் பார்சல் பரோட்டாவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஏன் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: வேக நேரமாகும், ஏழு மணிக்கு வேலை விட்டு வந்து யார் அடுப்பு முன்னால் நிற்பது? இதில் பாதி சரி. வேக நேரமாகும், மறுக்கவில்லை. ஆனால் வேகும் நேரமெல்லாம் யாரும் நிற்க வேண்டியதில்லை. கறியை மெத்தென்று ஆக்குவது ஒரு வேலை, அதற்கு ருசி ஏற்றுவது இன்னொரு வேலை. முதலாவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், ஆள் வேண்டாம். இரண்டாவதற்கு ஆள் வேண்டும், கால் மணி நேரம் போதும். இரண்டையும் ஒரே சட்டியில் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் மாட்டுக்கறி வேலைநாளுக்கு ஆகாது என்று பேர் வாங்கியிருக்கிறது. பிரித்துச் செய்தால், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதைவிடத் தோதான இரவுச் சாப்பாடு அதிகம் இல்லை என்பது என் கட்சி.

நம் ஊர்க் கறி ஏன் இவ்வளவு நேரம் கேட்கிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் இனி உதவாது என்று சான்று பெற்ற மாட்டையோ, நிரந்தரமாக முடங்கிப்போனதையோதான் அறுக்கலாம். 1976-இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுக்கவே கூடாது என்றது. ஆக, சட்டத்தின் வழியே கடைக்கு வந்து தொங்குவது ஏர் உழுது, வண்டி இழுத்து ஓய்ந்த எருதும், வயதான எருமையும்தான். அமெரிக்காவில் கறிக்கென்று வளர்க்கும் மாடு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வயதுக்குள் அறுபட்டுவிடுகிறது. தசைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் ஜவ்வில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மாட்டுக்கு வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிக்கொண்டே போகும். யூடியூபில் ஒருவர் ஸ்டேக்கைத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் புரட்டி எடுப்பதைப் பார்த்து நம் கறியை அப்படிச் செய்தால் செருப்புத் தோலைக் கடித்த கதைதான். அதில் கறியின் குற்றமும் இல்லை, சமைத்தவர் குற்றமும் இல்லை. அந்தச் செய்முறை வேறொரு மாட்டுக்காக எழுதியது.

கறி சட்டியில் படும் பாட்டைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். சூடு 60, 65 டிகிரியை எட்டும்போது கொலாஜன் சுருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தசைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது, கறி முன்னைவிடக் கெட்டியாகிறது. பலர் பொறுமை இழந்து அடுப்பைக் கூட்டுவது இந்தக் கட்டத்தில்தான். 70 டிகிரிக்கு மேல் அதே கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். திறந்த சட்டியில் எவ்வளவு கொதித்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் வயதான மாட்டின் கறிக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் சூடு 120 டிகிரியை நெருங்கும், வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் வீடுகளில் பருப்புக்கும் சோற்றுக்கும் பழகிப்போன இந்தப் பாத்திரம் பிறந்ததே இதற்குத்தான். 1679-இல் லண்டனில் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் அழுத்தப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே எலும்பை மென்மையாக்கும் கருவி என்று இருக்கிறது. கிழட்டு மாட்டின் முரட்டுக் கறியும் இதில் இளங்கறிபோல ஆகும் என்பது அவர் அடித்துச் சொன்ன பெருமை.

சரி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவோம். கடையில் எலும்பில்லாத தொடைக்கறிதான் உசத்தி என்று கேட்டு வாங்குவது வழக்கம். இந்த முறைக்கு அது அவ்வளவு நல்லதல்ல. ஜவ்வு குறைந்த கறி நீண்ட நேரம் வெந்தால் சக்கையாகி நார் நாராகப் பிரியும். கால் சதை, கழுத்து, நெஞ்சு ஆகியவற்றை ஜவ்வோடு போடச் சொல்லுங்கள். விலையும் அநேகமாகக் குறைவு, ஜவ்வு கரைந்து கறியை ஈரமாகவே வைத்திருக்கும். ஜவ்வைச் சீவி எறியச் சொல்லிவிட்டுக் கறி வறண்டுவிட்டது என்று குறைபடுகிறவர்கள்தான் அதிகம். நான்கு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. உப்பு, மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி பூண்டு, கொஞ்சம் மிளகு, ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். கறியே தண்ணீர் விடும் என்பதால் மூழ்க மூழ்க ஊற்ற வேண்டாம். மிளகாய்த்தூள், புளி, தேங்காய் எதுவும் இப்போது கூடாது. அவற்றைச் சேர்த்துவிட்டால் வாரம் முழுக்க ஒரே குழம்பைத்தான் தின்ன வேண்டியிருக்கும். அப்புறம் அந்த விசில் கணக்கு. எட்டு விசில், பத்து விசில் என்று எழுதுகிற செய்முறைகளை நான் நம்புவதில்லை. அடுப்பு எரிகிற வேகத்தையும் குக்கர் அளவையும் பொறுத்துப் பத்து விசில் பத்து நிமிடத்திலும் வரும், முப்பது நிமிடத்திலும் வரும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, கடிகாரத்தைப் பார்த்து முப்பது நிமிடம் விட்டு அணைத்துவிட வேண்டும். வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்க விட்டால் அந்த நேரத்திலும் கறி வெந்துகொண்டிருக்கும். திறந்து ஒரு துண்டைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பாருங்கள். பிளந்தால் முடிந்தது, இல்லையென்றால் இன்னொரு பத்து நிமிடம்.

வெந்த கறி கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எடை இழந்து ஏறக்குறைய ஒரு கிலோவில் நிற்கும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, சாற்றோடு மூன்று டப்பாவில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் மூடியைத் திறந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். வேண்டாதவர்கள் கரண்டியால் அப்படியே பெயர்த்து எடுக்கலாம். அடியில் சாறு கூழாக இறுகி, டப்பாவைத் தட்டினால் ஆடும். அதுதான் கரைந்த ஜவ்வு. திங்கட்கிழமை இரவு ஒரு டப்பா: எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டுச் சாறு சுண்டும்வரை புரட்டி, இறக்கும்போது பொடித்த மிளகு. பக்கத்து அடுப்பில் ரசம் கொதித்து முடிப்பதற்குள் இது முடிந்துவிடும். கேரளத்தார் மாட்டுக்கறியை முதலில் வேகவைத்து, பிறகு தேங்காய்ப் பல் சேர்த்து உலர்த்தி எடுப்பதும் இதே இரண்டு கட்ட வித்தைதான். புதன்கிழமை டப்பாவில் முருங்கைக்காயோ உருளைக்கிழங்கோ சேர்த்துத் தேங்காய்ப்பால் விட்டால் இடியாப்பத்துக்குக் குழம்பு. மிச்சம் மீதியைக் கையால் பிய்த்துப் போட்டால் கொத்துப் பரோட்டா. கோழியை இப்படி முன்கூட்டி வேகவைத்து வைத்தால் இரண்டாம் முறை சூடாக்கும்போது நெஞ்சுக்கறி வறண்டு சப்பென்றாகிவிடும். ஜவ்வுள்ள மாட்டுக்கறி மறுசூட்டைத் தாங்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்த கறி பழைய கறிதானே என்று கேட்பார்கள். கறியை முன்கூட்டித் தயார் செய்து வைப்பது ஃப்ரிட்ஜ் கொண்டுவந்த பழக்கமல்ல. நம் உப்புக்கண்டம் அதுதான். மராத்வாடாவின் தலித் வீடுகளில் கறியை வார் வாராகக் கீறி வெயிலில் காயவைத்து எடுத்துவைத்ததை ஷாஹூ படோலே தம் மராத்தி நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் கேள்வியில் நியாயம் உண்டு. வெந்த கறி ஃப்ரிட்ஜில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள்தான் தாங்கும், மூன்றாவது டப்பா முதல் நாளே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். ஒரு முறைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். மணிக்கணக்கில் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இழந்துவிட்டால் கொட்டிவிடுவதே நல்லது. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தவறு, சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதியிலும் அழியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வாரநாள் வேலையைத் தூக்கி ஞாயிற்றுக்கிழமை தலையில் போடுகிறீர்கள், அதைச் சுமப்பது யார்? 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிற பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அவளுக்கு இருக்கிற ஒரே விடுமுறையையும் குக்கர் விழுங்கினால் இந்த யோசனைக்கு மதிப்பில்லை. ஆனால் பிரிக்கப்பட்ட வேலையில் முதல் பாதிக்குக் கைப்பக்குவமே தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கழுவி, உப்பு போட்டு, குக்கரை மூடி, கடிகாரம் பார்த்து அணைக்க வீட்டிலுள்ள எந்த ஆணுக்கும் தெரியும், அல்லது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். எனக்குச் சமைக்கத் தெரியாது என்ற சாக்கு இங்கே செல்லாது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது: வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் வாசனை தெரியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிற வாடகைக் குடும்பங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு குக்கர் என்பது அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும். அப்படி ஒளிந்து சமைக்க வேண்டியிருப்பது வேறு பேச்சு, அதற்குக் குக்கரில் தீர்வு கிடையாது.

உடம்புக்கு ஆகுமா என்பது கடைசிக் கேள்வி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது, சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு வாரத்தில் வெந்த சிவப்புக் கறி 350 முதல் 500 கிராம். நம் மூன்று டப்பாக் கணக்கில் ஆளுக்கு 250 கிராம்தான் வருகிறது. ஒரே ஞாயிறில் ஆளுக்கு அரைக் கிலோ வறுவலை முடிக்கிறவர்களைவிட இது அடக்கமான சாப்பாடு, காய் சேர்வதும் கூடும். மறுபக்கம், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. மாட்டுக்கறியில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும், கூடவே தின்கிற கீரையின் இரும்பையும் உறிஞ்ச உதவும். முருங்கைக்கீரைப் பொரியலும் ஆளுக்கு நாலைந்து துண்டு கறியும் ஒரே தட்டில் இருந்தால் நல்லது.

ஞாயிறும் வேலை என்கிற வீடுகளுக்கு இருப்பது கொத்துக்கறி. இறுகிய ஜவ்வை அடுப்பு கரைப்பதற்குப் பதில் கத்தியே வெட்டிவிடுவதால் குக்கர் தேவையில்லை, பச்சைப்பட்டாணி சேர்த்து வதக்கினால் இருபத்தைந்து நிமிடத்தில் சப்பாத்திக்குத் தயார். ஒன்று மட்டும்: அரைத்த கறி சீக்கிரம் கெடும். கால் கிலோ கால் கிலோவாகக் கவரில் போட்டு, சப்பாத்திபோலத் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வைத்தால், உருண்டையாக வைத்த கறிபோல நடுவில் கல்லாகிக் கிடக்காமல் சட்டியில் போட்டதுமே உருகத் தொடங்கும்.