ஏவல் வினாவும் அறியா வினாவும்: மாணவர்க்கு அறிவுரை கூறுதலில் ஊக்க நேர்காணல்

மதுப்பழக்கத்திற்கு ஆட்பட்டோரை நோக்கி அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த முறை ஊக்க நேர்காணல். ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து 1991இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் அது பல துறைகளுக்கும் பரவிக் கல்விக்கூடங்களையும் எட்டியது. மாறுவதற்கான காரணங்களைப் பிறர் அடுக்குவதினும் ஒருவர் தம் வாயாலேயே கூறுவது பயன்தரும் என்பது இதன் அடிப்படை. இம்முறையின் நுட்பம் வினவும் பாங்கில் உள்ளது. அதனை விளக்க, நன்னூலின் வினா, விடைப் பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பமொன்றிலிருந்து செங்கல்பட்டுக்குக் கல்லூரிப் படிப்பிற்காக வரும் மாணவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விடியலில் தந்தையுடன் கடலுக்குச் செல்வதால் அவரது வருகைப்பதிவு குறைகிறது. “இனியாவது ஒழுங்காக வருவாயா?” என்கிறார் ஆசிரியர். வடிவில் இது வினா, பொருளில் ஏவல். “படகுக்கு ஆளில்லாமல் நானே போனேன் ஐயா” என்கிறார் மாணவர். இது உற்றது உரைத்தல். நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள், நேரே விடையாகாது குறிப்பால் விடை பயப்பனவற்றுள் ஒன்று. வர இயலாது என்னும் மறுப்பு அதனுள் அடங்கியுள்ளது. அதனைச் சாக்குப்போக்கெனக் கடிந்தால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்; பெரும்பாலும் முடிந்தும் விடுகிறது.

ஊக்க நேர்காணல் இவ்விடத்தில் அறியா வினாவை நாடும்: “படகையும் படிப்பையும் எப்படிச் சமாளிக்கிறாய்?” வினவுவோர் உண்மையிலேயே அறியாதவராக இருத்தல் வேண்டும். விடையை மனத்திற்கொண்டு கேட்பின் அஃது அறிவினாவாகிவிடும்; மாணவர் அதனை எளிதில் கண்டுகொள்வர். அடுத்த படி வினாவே அன்று, கேட்டதைத் திருப்பிக் கூறல்: “அப்பாவைத் தனியே விடவும் மனமில்லை, பட்டத்தை விடவும் மனமில்லை.” இருபாலும் இழுபடும் நெஞ்சம் பழிக்கப்படாமல் சொல்லில் வைக்கப்படும்போது, “ஆமாம் ஐயா. தேர்வு மாதத்தில் மட்டும் சித்தப்பாவைக் கேட்டுப் பார்க்கலாம்” என்பது போன்றதொரு மறுமொழிக்கு இடம் உண்டாகிறது. ஆசிரியரே முன்பு சொல்லியிருக்கக்கூடிய வழிதான். இப்போது அது மாணவருடையது.

உதவித்தொகை குறித்துத் தெரிவிக்க எண்ணி, “விண்ணப்பம் வாங்கினாயா?” என்பது கொடை வினா. இம்முறை அதற்கும் முன்னதாக, “அதைப் பற்றிச் சொல்லலாமா?” என இசைவு கேட்கும். இவ்விசைவு வினா நன்னூலின் ஆறனுள் எளிதில் அடங்கவில்லை. கொளல் வினாவிற்கு அணுக்கமானது எனலாம்.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. வருகைப்பதிவு கல்லூரிக்கும் வேண்டியது. அத்தேவையை மறைத்து எழுப்பும் அறியா வினா, வெளிப்படையான ஏவலினும் நேர்மை குறைந்தது. எனவே வருகை விதியையும் அதன் விளைவையும் ஆசிரியர் முதலிலேயே ஒளிவின்றிக் கூறிவிட்டுப் பின்னரே வினவத் தொடங்குதல் வேண்டும்.