பயிர்க் காப்பீடு கட்டியும் பணம் வரலையா? பாலிசி எடுக்கும் முன் விவசாயிகள் பார்க்க வேண்டியது என்ன?

பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்துடுச்சு, எங்க ஊருக்கு மட்டும் ஏன் வரல? டெல்டாவில் சம்பா முடிந்ததும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருக்கும், ஆனா வங்கிக் கணக்கில் ஒண்ணும் ஏறியிருக்காது. காரணம் பெரும்பாலும், அந்தக் காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை யாரும் விளக்காததுதான்.

உங்க வயல் இல்ல, உங்க ஊர்தான் கணக்கு

2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5% மட்டும். மீதி பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். ஏக்கருக்கு ரூ.36,000 காப்பீடு என்று வைத்துக்கொண்டால் உங்க பங்கு ரூ.540. வாழை, மஞ்சள் மாதிரியான பயிர்களுக்கு இது 5% வரை போகும்.

ஆனா மகசூல் இழப்பை உங்க வயலை மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டாங்க. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, அறுவடைச் சோதனை நடத்தி சராசரி எடுப்பாங்க. கடந்த 7 வருஷத்தில் நல்லா விளைந்த 5 வருஷத்தின் சராசரியை வைத்து 'உத்தரவாத மகசூல்' என்று ஒரு அளவு ஏற்கெனவே இருக்கும். அது ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருஷச் சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு 25%. அப்போ ரூ.36,000-ல் கால்வாசி, அதாவது ரூ.9,000 கிடைக்கும். ஊர்ச் சராசரி 2,050 கிலோ வந்துவிட்டால்? உங்க வயல் பூச்சித் தாக்குதலில் மொத்தமாகப் போயிருந்தாலும் மகசூல் இழப்புக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வராது.

தனி வயலுக்கு எப்போ பணம் வரும்?

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல் தீ ஆகியவற்றுக்கு உங்க வயலைத் தனியாக மதிப்பிடலாம். அறுத்துக் காயப் போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நாசமானாலும் அப்படித்தான். இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாகணும். 14447 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

டெல்டாக்காரர்களுக்கு முக்கியமான நீர் தேங்கும் பாதிப்பு, 2018-ல் நெல்லுக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது. 2026 காரீஃப் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. யானை, காட்டுப்பன்றி மாதிரியான வனவிலங்கு சேதமும் கூடுதல் பாதுகாப்பாக அப்போதே அறிவிக்கப்பட்டது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசுதான் அறிவிக்கணும். அதனால பணம் கட்டும்போது, உங்க மாவட்ட அறிவிக்கையில் இவை இருக்கா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுட்டே கட்டுங்க.

கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். 2020 முதல் இந்தக் காப்பீடு யாருக்கும் கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா வங்கியே பிடித்தம் செய்துவிடும். வேணும்னு நினைக்கிறவங்களும் ரசீதை வாங்கி சர்வே எண், பயிர், பரப்பு மூன்றையும் அடங்கலோடு ஒப்பிட்டுப் பாருங்க. இதுல தப்பு இருந்தா இழப்பீடு சிக்கலாகும்.

மாடும் டிராக்டரும்

பயிர்க் காப்பீடு பயிரோடு முடிந்தது. மாட்டுக்குத் தனி பாலிசி வேணும். தேசிய கால்நடை இயக்கத்தில் விவசாயியின் பிரீமியப் பங்கு 2024-ல் 15% ஆகக் குறைக்கப்பட்டது. ரெண்டு கறவை மாட்டை நம்பி வீட்டுச் செலவு ஓடுதுன்னா, இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வோம். காது வில்லை விழுந்துட்டா உடனே தெரிவித்து மாற்றுங்க. வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு வாங்குறது பெரும்பாடு. மாடு இறந்தால் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்யும் முன் புதைத்துவிடவும் கூடாது.

டிராக்டருக்கு சட்டப்படி கட்டாயம் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அதில் உங்க வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் கிடையாது. விவசாயப் பயன்பாடு என்று பாலிசி எடுத்துட்டு வாடகைக்கு ஓட்டினாலோ, டிரெய்லரில் ஆள் ஏற்றிப் போனாலோ விபத்து நடக்கும்போது நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு அதிகம். டிரெய்லர் பாலிசியில் சேர்ந்திருக்கா என்பதையும் தனியாகக் கேட்டுக்கோங்க.